தாய்ச்செடியைக் காப்போம்



"மாரியில் சடைத்து வளர்ந்த புதினா சோளகம் தொடங்கியதும் செத்துப்போகிறது. வருடா வருடம் புதிதாக எங்கே தேடுவது?" தீவுப்பகுதிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எழுவைதீவில் இது சின்ன விடயமல்ல. கடைச்சாமான் ஊர்காவற்துறையிலிருந்து படகில் வரவேண்டும். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. முற்றத்தில் கறிவேப்பிலையும் வல்லாரையும் நின்றால் கறிக்கும் சம்பலுக்கும் காசு தேடத் தேவையில்லை. தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்ணுக்கு அது ஒரு கைகொடுப்பு.

குளிர்நாடுகளில் வாழும் எமது உறவினர் பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் யன்னலோரமாகத் தூக்கி வைப்பார்கள். எமது செடிகளுக்கு எதிரி குளிரல்ல. வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள வறட்சியும் உப்புக்காற்றும்தான். தோட்டம் முழுவதையும் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு இனத்திலும் ஒரு தாய்ச்செடி தப்பினால் போதும். ஐப்பசி மழையோடு அதிலிருந்து பத்துச் செடி எடுக்கலாம்.

முதலில் தண்ணீர். சின்னத் தீவுகளில் மழைநீர் நிலத்தின் கீழே கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். செடியும் கெடும், கிணறும் கெடும். ஆகவே சோளகத்தில் பாத்தியை விட்டுச் சாடிக்கு மாறுங்கள். அரிசியும் மரக்கறியும் கழுவிய தண்ணீர் அதற்குப் போதும். சவர்க்காரத் தண்ணீரும் உப்புச் சேர்ந்த தண்ணீரும் வேண்டாம். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. சுரண்டி எறிந்துவிட்டுப் புதுமண் போடுங்கள்.

சித்திரையிலேயே ஆயத்தம் செய்யுங்கள். ஓட்டை வாளி, உரப்பை எதுவும் சாடிதான். அடியில் துளையிட்டுப் பொச்சுத் துண்டுகளைப் பரப்புங்கள். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உக்கிய ஆட்டெரு கலந்து நிரப்புங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிப்பதால், வீட்டின் கிழக்குப் பக்கத்தில் செத்தை மறைவில் வையுங்கள். காலை வெயில் கிடைக்கும், காற்றுப் படாது. காய்ந்த பனையோலையை நறுக்கி மண்ணை மூடினால் ஈரம் நிற்கும்.

இனி, ஒவ்வொன்றின் குணம்:

கற்பூரவள்ளி: ஒரு சாண் தண்டை முறித்து நட்டால் வேர்விடும். வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் அழுகும். இதைக் காக்கவேண்டியது மாரியில். அடைமழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

வல்லாரை, புதினா: ஓடும் தண்டில் வேரோடு ஒரு கணுவை எடுத்து நடுங்கள். நிழலும் ஈரமும் வேண்டும். கிணற்றடி, தண்ணீர்க்குடம் வைக்கும் இடம் நல்லது.

கறிவேப்பிலை: பழுத்த பழத்தின் விதையை உடனேயே நடவேண்டும்; காயவிட்டால் முளைக்காது. அடிமரத்தைச் சுற்றிக் கிளம்பும் கன்றுகளையும் பெயர்த்து நடலாம். முதல் சோளகத்தைத் தாண்டும்வரை கன்றுக்கு ஓலை நிழல் கட்டுங்கள்.

கொத்தமல்லி: வெயில் ஏறியதும் பூத்து முடிந்துவிடும். இதற்குத் தாய்ச்செடி கிடையாது, விதைதான். முற்றிக் காய்ந்த விதையைப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். மார்கழி, தையில் விதையை இரண்டாகப் பிளந்து தூவுங்கள்.

முடக்கொத்தான்: மழையோடு முளைத்து வறட்சியில் காய்ந்துவிடும். வெள்ளை இதய அடையாளமுள்ள அதன் கறுப்பு விதைகளைச் சேர்த்து வையுங்கள்.

இன்னொரு விடயம். 1990களில் இடம்பெயர்ந்து, வருடக்கணக்கில் கழித்து ஊர் திரும்பியவர்களில் பலருக்குக் கிணறு மிஞ்சியிருந்தது. நட்டு வளர்த்தவை மிஞ்சவில்லை. தன் வளவில் அழிந்த செடி அடுத்த ஊரில் தன் உறவினர் வீட்டில் நின்றவர்களுக்கு அதைத் திரும்ப எடுக்க முடிந்தது. ஆகவே தாய்ச்செடியை ஒரு வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். இந்தச் சித்திரையில் இரண்டு சாடி வையுங்கள்; ஒன்றை அயலில் தனித்திருக்கும் ஒரு சகோதரியிடம் கொடுங்கள். செடி எப்படி என்று பார்க்கப் போகும் சாட்டில் அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டு வரலாம். உங்கள் செடி பட்டுப்போனால் அவரிடம் ஒரு கொப்பு இருக்கும். அவருடையது பட்டுப்போனால் உங்களிடம் இருக்கும்.