முத்து காமிக்ஸுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நமக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கு. அலமாரியில வருஷக்கணக்கா சேர்த்து வெச்சிருக்கிற காமிக்ஸ், நாணயம், ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு? கேட்டா சிரிக்கிறாங்க மக்களே. "பழைய புக்குக்கெல்லாமா போடுவாங்க?"

போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்குங்கிறதுதான் என் கட்சி.

2021 ஏப்ரல்ல இருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரு பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்துச்சு. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம். குவார்ட்டர்ஸ்ல, வாடகை வீட்டுல இருக்கறவங்க கட்டடத்தை விட்டுட்டு சாமானுக்கு மட்டும் போட்டுக்கலாம். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சப்ப பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சதைப் பார்த்தவங்க நாங்க. மந்தாரக்குப்பத்துக்காரங்களுக்குப் புயலைப் பத்தி விளக்க வேண்டியதில்ல.

சிக்கல் சின்ன எழுத்துலதான் இருக்கு.

திருட்டு: புயல், தீ மாதிரி ஏதாவது நடந்து, அதனால 7 நாளைக்குள்ள திருடு போனாத்தான் காசு. சாதாரணமா பூட்டை உடைச்சுத் தூக்கிட்டுப் போனா, அதுக்குத் தனியா திருட்டுக் காப்பீடு எடுத்திருக்கணும்.

நாணயம், ரூபா நோட்டு, கையெழுத்துப் பிரதி: பாலிசியில தனியா குறிப்பிட்டு எழுதி வாங்கலேன்னா கிடையாது. நாணயம் சேர்க்கிற நண்பர்கள் இதை ரெண்டு தடவை படிங்க.

கரையான்: பட்டியல்லயே இல்ல. நம்ம முதல் எதிரியே அதுதான்!

அடுத்தது விலை. 1972-ல வந்த 'இரும்புக்கை மாயாவி' முத்து காமிக்ஸோட முதல் புத்தகம். அட்டையில போட்ட விலையைக் குடுத்தா இன்னிக்கு டீ கூட வராது. சேகரிக்கிறவன் குடுக்கிற விலையே வேற. இழப்பு நடந்தப்புறம் இதை யார்கிட்ட எப்படி நிரூபிப்பீங்க? கலைப்பொருள், பழம்பொருளுக்கு முன்கூட்டியே மதிப்பைப் பேசி முடிவு பண்ற வசதி இருக்கு. ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ள, மொத்தம் 5 லட்சத்துக்குள்ளன்னா மதிப்பீட்டுச் சான்றிதழ்கூட வேணாம். உங்க சேகரிப்பை அதுல சேர்ப்பாங்களான்னு முதல்லயே கேட்டு, எழுத்துல வாங்கிக்கணும்.

இதுக்கெல்லாம் அடிப்படை ஒரு பட்டியல். என்ன இருக்கு, எப்போ வாங்கினது, எவ்வளவு, என்ன நிலைமை, ஒரு போட்டோ. அதோட ஒரு காப்பி வீட்டுக்கு வெளியில. பொட்டி தட்டுற நமக்கு பேக்கப் பத்தி சொல்லித் தரணுமா என்ன?

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். தன் ஆர்வத்துல புத்தகம், இதழ், நோட்டீஸ்னு சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். 1992-ல அவர் காலமானதும் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல சென்னையில நூலகமாச்சு. அட்டவணை போட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்ததாலதான் இன்னிக்கு யாரும் தேடிப் படிக்க முடியுது. எல்லா சேகரிப்புக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. நமக்கப்புறம் வீட்டுல இருக்கறவங்களுக்கு அது என்னன்னே தெரியலேன்னா, நேரா பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். கிலோ கணக்குல. அதுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி விக்கிறதில்ல.

அதனால பிரீமியம் கட்டறது ரெண்டாவது. முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க.

டிஸ்கி: நான் ஏஜெண்ட் இல்லீங்கோ :-)