சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவருக்கு எந்த நிறம்?



போன மாதம் எங்கள் வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தோம். அதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை என்றும் சிலர் சொல்வீர்கள். இரண்டுமே நியாயம்தான். ஆனாலும் இந்த வயதில் நான் செய்யப் பார்த்த ஒரு தவறை உங்களில் பலர் உங்கள் பெற்றோர் வீட்டில் செய்துவிடக் கூடும். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஹால் சுவரைச் சுற்றி மூன்றடி உயரத்தில் ஒரு மரச்சட்டம் ஓடும். 1988-ல் வீடு கட்டியபோது, கதவு நிலைக்குப் போக மீந்த தேக்கில் ஆசாரி அடித்துக் கொடுத்தது. "நாற்காலி இடிச்சு இடிச்சு சுவர் பேந்துடும் சார், இது தாங்கிக்கும்" என்றார். இப்போது இதையே பீடிங், மோல்டிங் என்று அழகுக்காக ஒட்டுகிறார்கள். ஆங்கிலேயர்களும் இதை நாற்காலியின் பெயரால்தான் அழைத்தார்கள். பிறந்தது அழகுக்காக அல்ல, சுவரைக் காப்பாற்றத்தான்.

பெயிண்ட் அடிக்கும் பேச்சை ஆரம்பித்தது என் மனைவி. அவருக்கு வலது கண்ணில் புரை அறுவை முடிந்து கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "ஏங்க, நம்ம சுவரு இவ்ளோ அழுக்காவா இருந்துச்சு?" புரை விழுந்த கண்ணுக்கு உலகமே மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல் மங்கித் தெரியுமாம். இடது கண்ணுக்கு இன்னும் அறுவை ஆகவில்லை. ஒரு கண்ணை மூடினால் சுவர் வெள்ளை, மறு கண்ணை மூடினால் பழுப்பு என்று குழந்தை மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சுவர், சட்டம் எல்லாமே ஒரே சாம்பல் நிறம். "இப்ப இதான்பா எல்லா வீட்லயும்." பெயிண்டர் ஒரு படி மேலே போனார். "இந்தக் கட்டையெல்லாம் பழைய ஸ்டைலு சார். கழட்டிட்டுப் பட்டி பார்த்து விட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும்." நானும் தலையாட்டினேன். முதல் நாளே படுக்கையறை வாசலிலிருந்து சமையலறைப் பக்கம் போகும் சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு இரண்டு மணி இருக்கும். ஏதோ சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டேன். ஹாலில் சுவரோரம் என் மனைவி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையால் சுவரை மேலும் கீழும் துழாவிக்கொண்டிருந்தார். "கட்டையக் காணோமேங்க" என்றார்.

ஒவ்வொரு இரவும் தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்தச் சட்டத்தின் மேல் விரலை ஓடவிட்டுக்கொண்டேதான் அவர் நடந்திருக்கிறார். முழங்கால் வலி வந்த பிறகு அதில் லேசாகச் சாய்ந்தும் நடந்திருக்கிறார். காலையில் கழற்றிய சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சுவரில் இருந்த துண்டுக்கு மட்டும் மேல் விளிம்பு மழுங்கி, எண்ணெய் ஏறிக் கறுத்து, பளபளவென்று இருந்தது. எத்தனையோ வருடம் அதே வீட்டில் இருந்தும் என் கண்ணில் இது படவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, "தம்பி, முதல்ல இதத் திரும்ப அடி" என்றேன். கைப்பிடி மாதிரி பாரம் தாங்காது என்பதால் அந்த ஒரு சுவரில் மட்டும் ஆழமாகத் துளை போட்டுக் கூடுதலாக நாலு ஸ்க்ரூ முடுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிய என் யோசனையே மாறிவிட்டது. ஹால் சுவரின் நிறத்தை வந்து பார்க்கிறவர்களை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தினமும் தொடுகிறவர்களை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்துக்கு மேலே கண்ணுக்குச் சொந்தம், கீழே கைக்கும் காலுக்கும் சொந்தம். எனவே இரண்டுக்கும் ஒரே நிறம் பொருந்தாது.

இது ஒன்றும் வெளிநாட்டு ஞானம் இல்லை. கிராமத்து வீட்டு வெளிச்சுவரில் மேலே சுண்ணாம்பும் கீழே ஒரு முழத்துக்குக் காவியும் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் தெறிக்கும் செம்மண் வெள்ளையில் கறையாகத் தெரியும், காவியில் தெரியாது. நம் பள்ளி வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். கீழே நாலடிக்குப் பச்சை எனாமல், மேலே வெள்ளை, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்து தூங்கியவர்களின் தலை எண்ணெய் அத்தனையையும் தாங்கியது அந்தப் பச்சைதான். அந்தக் கோட்டுக்குக் கீழே காம்பஸ் முனையால் பெயர் கிறுக்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று. நான்கு சுவர்களின் பரப்பளவு என்ன? நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, உயரத்தால் பெருக்கு. எங்கள் ஹால் 16-க்கு 12, உயரம் 10 அடி. மொத்தம் 560 சதுர அடி. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் 486. இதில் சட்டத்துக்குக் கீழே இருப்பது 150 சதுர அடிதான், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. துடைத்தால் போகும் விலை உயர்ந்த எமல்ஷன் அந்த 150-க்கு மட்டும் போதும். மேலே சாதாரண எமல்ஷன் அடித்துக்கொள்ளலாம். நாலைந்து வருடம் கழித்து அழுக்கானாலும் கீழ்ப்பகுதியை மட்டும் அடித்தால் முடிந்தது. ஒரே நிறமாக இருந்தால் ஓரிடத்தில் திட்டாகத் தெரியும், முழுச் சுவரையும் அடிக்க வேண்டியிருக்கும். சட்டம் இருக்கும் வீட்டில் இந்தச் சிக்கனத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தரை. எங்களுடையது ரெட் ஆக்ஸைடு தரை. கீழ்ச்சுவருக்குச் செங்கல் நிறம் அடிக்கலாம் என்று எனக்கு ஆசை. அடித்திருந்தால் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது மங்கலான கண்ணுக்குத் தெரியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தரை, சுவர், கதவு நிலை, சட்டம் இவை ஒன்றிலிருந்து ஒன்று பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். ஆகவே கீழே வெந்த கீரை மாதிரி ஒரு பச்சை, மேலே மோர் நிறம், சட்டத்துக்கு ஆழ்ந்த பழுப்பு, கூரைக்கு வெள்ளை என்று முடிவு செய்தோம். மகன் அனுப்பிய சாம்பல் கெட்ட நிறம் இல்லை. அவன் வீட்டில் வெள்ளை டைல்ஸும் பெரிய பால்கனியும் உண்டு, அங்கே அது அழகுதான். எங்கள் ஹாலுக்கு மேற்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒரு ஜன்னல். மாலை நாலு மணி வரை வெளிச்சம் குறைவு. அங்கே சாம்பல் அடித்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

ஷேட் கார்டை நம்பி ஏமாறாதீர்கள். விரலகலத் தாளில் வெளிறித் தெரியும் நிறம் நாலு சுவரிலும் ஏறியதும் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும். சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு சுவரோடு சாய்த்து வைத்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலை வெயிலில் ஒருமுறை, இரவில் உங்கள் வீட்டு எல்இடி வெளிச்சத்தில் ஒருமுறை. இப்படிப் பார்த்துத்தான் நாங்கள் முதலில் பிடித்துவைத்த சந்தன நிறத்தை விட்டோம். மாலை வெயில் பட்டதும் அது மஞ்சள் காமாலை போல் ஆகிவிட்டது.

புதிதாகச் சட்டம் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அடியுங்கள். சரிபாதியில் அடித்தால் சுவரை வெட்டி வைத்ததுபோல் இருக்கும். கூரை தாழ்வான அறையில் மேலும் கீழும் மிகவும் மாறுபட்ட நிறம் வேண்டாம், அறை இன்னும் குட்டையாகத் தெரியும்.

பேரக் குழந்தைகள் தவழும் வீடுகளுக்கு முக்கியமான ஒன்று. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய சட்டத்தை உப்புத்தாளால் காயக் காயத் தேய்த்தால் அந்தத் தூள் தரையில் படியும், குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ப்பவருக்கு மாஸ்க் கொடுங்கள். ஈரத்துணியால் துடைத்து முடிக்கும் வரை குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இதில் அலட்சியம் வேண்டாம்.

மகனிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடக்கறாங்கன்னு எனக்கும் தெரியாதேப்பா" என்றான். கூடவே இருந்த எனக்கே தெரியவில்லை, அவனைச் சொல்லி என்ன?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பும் முன் ஒருநாள் நேரில் போய், பழைய சுவரை நன்றாகப் பாருங்கள். எங்கே கை பட்டுக் கறுத்திருக்கிறது, எங்கே தலை சாய்ந்த கறை, எந்த நிலையைப் பிடித்து எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு நிறம் பேசுங்கள். அடித்து மறைத்த பிறகு தெரியாது.

படம் போடவில்லை. நேரில் வந்து பாருங்கள், காபி உண்டு. நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாலும் திட்ட மாட்டேன். சட்டம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்