நல்ல சீட்டும் கடன் காசும்: கைத்தொலைபேசிப் போக்கரில் சிக்கும் எம் பிள்ளைகள்

2025 ஆகஸ்ட் 2ஆம் திகதி கொழும்பில் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' கசினோவும் விடுதியும் கோலாகலமாகத் திறக்கப்பட்டன. இலங்கையர் கசினோவுக்குள் நுழைய அறவிடப்பட்ட 50 டொலர் கட்டணத்தை 100 டொலராக்கவும் அரசு முடிவெடுத்தது. உள்ளூர்க்காரர் சூதாட்டத்தில் அழிந்துவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

கண்டியில் அப்படியொரு கட்டடம் இல்லை. ஆனால் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் வாடகை அறைகளில் இருக்கும் இளைஞர்களின் கைத்தொலைபேசிகளில் போக்கர் மேசை இரவு முழுவதும் திறந்தே கிடக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை, வாசலில் காவலாளியும் இல்லை.

அண்மையில், பேராதனையில் அறையெடுத்துப் படிக்கும் முல்லைத்தீவு இளைஞன் ஒருவன் தன் தொலைபேசியில் ஓர் ஆட்டத்தைக் காட்டி, "அண்ணா, நான் விளையாடினது பிழையா?" என்று கேட்டான். அந்த ஒரே ஆட்டத்தில் அவன் இழந்தது 22,000 ரூபாய். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய காசு அது.

அவன் கையில் ஹார்ட்ஸ் 9, 8. மேசையில் விரிந்தவை ஹார்ட்ஸ் 7, ஹார்ட்ஸ் 2, கிளாவர் 6. அந்த நேரத்தில் அவனிடம் ஒரு சோடிகூட இல்லை. ஆனால் இன்னொரு ஹார்ட்ஸ் வந்தால் ஐந்தும் ஒரே இனம். 10 அல்லது 5 வந்தால் ஐந்தும் வரிசை. போக்கரில் இதை 'டிரோ' என்பார்கள். இன்னும் கூடாத, ஆனால் கூடிவரக்கூடிய கை. எதிரில் இருந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் காசை ஏற்றி அடித்து ஆடுபவர். இவன் பின்வாங்காமல் முழுக் காசையும் தள்ளினான். எதிராளி ஒரு பெரிய சோடியோடு ஏற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு சீட்டும் இவனுக்கு உதவவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

இவன் பார்க்காத சீட்டுகள் 47. அவற்றில் ஹார்ட்ஸ் 9, மற்ற இனங்களில் 10 மூன்று, 5 மூன்று. மொத்தம் 15 சீட்டுகள் இவனை வெல்ல வைக்கும். இரண்டு சீட்டு வரவிருக்கும்போது அவற்றில் ஒன்றாவது விழும் வாய்ப்பு சுமார் 54 வீதம். ஒரே இனத்துக்கு மட்டும் காத்திருந்தால் 35 வீதம்.

அடித்து ஆடுபவரிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கையில் ஒன்றும் இல்லாமலே மிரட்டுபவர். அவரைத் திருப்பி அடித்தால் சீட்டை வைத்துவிடுவார். உதாரணமாக, மேசையில் 1,000 இருக்கிறது. அவர் 500 போடுகிறார், நீங்கள் 3,000 தள்ளுகிறீர்கள். உங்களிடம் 35 வீத டிரோ மட்டுமே இருந்தாலும், அவர் நான்கில் ஒரு தடவைக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்வாங்கினாலே நீண்ட ஓட்டத்தில் நட்டம் வராது. 304 ஆடும் எங்கள் ஆட்கள் துரும்பைக் கவிழ்த்து வைத்துக் கேள்வியை ஏற்றும் துணிவு இதற்குக் கிட்டத்தட்ட வரும்.

இரண்டாம் வகை, எதற்கும் பின்வாங்காதவர். அவரிடம் மிரட்டல் பலிக்காது. 35 வீதக் கையோடு அவரை எதிர்த்து எல்லாவற்றையும் தள்ளுவது நட்டம், 54 வீதக் கையோடு தள்ளுவது இலாபம். ஆகவே அந்த இளைஞனின் ஆட்டம் பிழையில்லை. அவனிடம் அதைத்தான் சொன்னேன். ஆனால் பதில் அதோடு முடியவில்லை.

54 வீதம் என்றால் 46 வீதம் தோல்வி. அப்படியான மூன்று ஆட்டங்களிலும் அடுத்தடுத்துத் தோற்பதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2022 செப்டெம்பரில் அமெரிக்காவில் நேரலையாக ஒளிபரப்பான ஆட்டமொன்றில், தொழில்முறை ஆட்டக்காரர் கரெட் அடெல்ஸ்டைன் வலுவான டிரோவோடு முழுக் காசையும் தள்ளினார். ரொபி ஜேட் லூ வெறும் ஜாக் சீட்டோடு ஏற்றுக்கொண்டார். 2,69,000 டொலர் லூவுக்குப் போனது. தேர்ந்தவருக்கே அதுதான் நிலை. ஆனால் அவர்களால் அடுத்த வாரமும் மேசைக்கு வர முடியும். மாத வாடகையை மேசையில் வைத்தவனால் முடியாது. கணக்கு சொல்லும் 'நீண்ட ஓட்டம்' அவனுக்குக் கிடைப்பதே இல்லை.

இன்னொன்று, தளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுக்கும் பங்கு. இருவரும் ஆளுக்கு 10,000 வைத்தால் 54 வீதக் கைக்கு சராசரி இலாபம் 800 ரூபாய். தளம் மொத்தத்தில் 5 வீதம் எடுத்தால் அது சுமார் 260 ஆகச் சுருங்கிவிடும். எவர் தோற்றாலும் தளத்துக்கு வருமானம்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2025இல் நிறைவேறியது. பழைய சூதாட்டக் கட்டளைச் சட்டங்களும் 2010ஆம் ஆண்டின் கசினோச் சட்டமும் அதனால் நீக்கப்பட்டன. இணையச் சூதாட்டமும் அதன் வரம்புக்குள் வருகிறது. ஆனால் அரசின் பேச்சில் முன்னால் நிற்பது வரி வருமானமும் சுற்றுலாவும்தான்.

தமிழ்நாடு இணையப் பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஓகஸ்டில் இந்திய அரசு காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே முழுதாகத் தடை செய்தது. முழுத் தடை ஆட்டத்தை மறைவிடத்துக்குத் தள்ளும் என்ற வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நேரக் கட்டுப்பாடு, மாதாந்த இழப்புக்கு உச்ச வரம்பு, வயதை உறுதிசெய்தல், தமிழிலும் முறைப்பாடு செய்யும் வழி ஆகியவற்றை இங்கே கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் வெளிநாட்டுக் காசிலும் அடகு வைத்த நகையிலும் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகின்றன. அந்தப் பிள்ளை தோற்றதை வீட்டுக்குச் சொல்லப் பயந்து, விட்டதைப் பிடிக்க மீண்டும் கடன் வாங்குகிறான். பெரிய இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஏசாமல் கேட்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் 22,000 ரூபாயோடு நின்றுவிடும். மனம் உடைந்தவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த முல்லைத்தீவு இளைஞன் இன்னும் வீட்டுக்குச் சொல்லவில்லை.