போர்த்தி வைத்த மெஷினில் என்ன படிப்பது?

2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது, கைவேலை தெரிந்த பிள்ளைகள் வருவார்கள் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாடசாலைப் பட்டறையில் சிஎன்சி ரவுட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது. ஸ்பிண்டில் சுத்தத் தொடங்கினதும் லிமிட் சுவிட்ச் தட்டுப்பட்டதாகக் காட்டி நின்றுவிடுமாம். "கொம்பனி ஆள் வரட்டும், கை வைக்காதேங்கோ."

யோசிச்சுப் பாருங்கோ. ஸ்பிண்டில் ஓடாதபோது எல்லாம் ஒழுங்காக அசையுது. ஓடினால் மட்டும் நிக்குது. எண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவிட்சை அல்ல, ஸ்பிண்டில் வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கும் சுவிட்ச் வயரை. ஸ்பிண்டிலை ஓட்டும் இன்வேட்டரின் மின் இரைச்சல் அதற்குள் ஏறும். இரண்டையும் பிரித்து, சுவிட்சுக்குக் கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணிப் பார்க்கலாம். இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எது?

ஆபத்து என்பார்கள். உண்மைதான். 230 வோல்ட்டை நிப்பாட்டின பிறகும் இன்வேட்டரின் கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும். பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, மீற்றரால் அளந்த பிறகே கை வைக்க வேணும். அதைத்தான் ஆசிரியர் பக்கத்தில் நின்று காட்டச் சொல்கிறோம். காட்டாமல் அனுப்பும் பிள்ளை நாளைக்கு ஏதோ ஒரு தொழிற்சாலையில் இதே பெட்டியைத் தனியாகத் திறக்கத்தானே போகுது?