எங்கள் பெண்களைத் திரைக்கு யார் எழுதுகின்றார்கள்?

கால் நூற்றாண்டாக என் மனதை விட்டு அகலாத ஒரு கடிதத்தைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கின்றது.

2000ஆம் ஆண்டு தீபாவளிக்கு 'தெனாலி' வெளியானபோது, கொழும்பில் ஒரு நாளிதழின் வாரமலரில் சினிமாப் பக்கத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கமல் ஹாசன் ஈழத்தமிழராக நடிக்கின்றார், அதுவும் எங்கள் பேச்சுத் தமிழிலேயே பேசி நடிக்கின்றார் என்பதில் எமக்கெல்லாம் சொல்லி மாளாத பெருமை. அந்த உச்சரிப்புக்கு எங்கள் பி.எச். அப்துல் ஹமீட் உதவினார் என்பது மேலும் ஒரு பெருமை. படத்தைப் புகழ்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

இரண்டு வாரங்களின் பின்னர் வவுனியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்திருந்த ஓர் ஆசிரியை. தமது மகன் விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கொள்வதாகவும், அதற்காக வகுப்பில் பிள்ளைகள் இப்போது அவனை 'தெனாலி' என்று அழைப்பதாகவும் எழுதியிருந்தார். நடிகரின் தமிழைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று கேட்டிருந்தார். இடமில்லை என்று சொல்லி அந்தக் கடிதத்தை நான் பிரசுரிக்கவில்லை. உண்மையில் எனக்கிருந்தது வெட்கம்.

அதன் பின்னர் எங்களைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. எங்கள் பெண்களை அவை எவ்வாறு காட்டின என்பதை வரிசைப்படுத்திப் பார்க்கின்றேன். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில், பெற்ற குழந்தையை விட்டுப் போராளியாகச் செல்லும் ஷியாமாவாக நந்திதா தாஸ். பிரசன்ன விதானகேயின் 'ஒப நதுவா ஒப எக்க' (2012) படத்தில், சிங்களவரை மணக்கும் செல்வியாக அஞ்சலி பாட்டீல். கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' (2015) படத்தின் நாயகன் எங்கள் ஷோபாசக்தி. நாயகியோ சென்னையைச் சேர்ந்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன். 2021இல் வந்த 'ஜகமே தந்திரம்' படத்தில் கேரளத்தின் ஐஸ்வர்யா லக்ஷ்மி. அதே ஆண்டில் 'த ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ராஜியாகச் சமந்தா, நிறத்தைக் கறுப்பாக்கும் ஒப்பனையுடன்.

இவர்களில் பலர் சிறப்பாகவே நடித்தார்கள். நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதான். பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் வேடம் கட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் இந்தப் பாத்திரங்களைப் பாருங்கள். ஒருத்தி துப்பாக்கி ஏந்துகின்றாள். இன்னொருத்தி சிதைக்கப்பட்டவள். வேறொருத்தி அகதி. பெரும்பாலும் போர் அவளுக்குச் செய்ததே அவளது முழுக்கதையாகிவிடுகின்றது. அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டா, சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவாளா, மாமியாரோடு சண்டை பிடிப்பாளா என்று எவரும் கேட்பதில்லை.

2021 மே மாதத்தில் 'த ஃபேமிலி மேன்' தொடரைத் தடைசெய்யுமாறு தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் இந்திய மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். தமிழினத்துக்கு அவமதிப்பு என்று அன்று எழுந்த குரல் மிகப் பெரிது. ஒரு பெண்ணின் மீதான பாலியல் வன்முறையைக் கதைக்கு எரிபொருளாக்குவது சரியா என்று கேட்ட குரலோ சிறிதாகவே ஒலித்தது. அவமதிக்கப்பட்டது இனமா, பெண்ணா என்று பிரித்துப் பார்க்க நாம் விரும்பவில்லை. தடையை அன்றும் நான் ஆதரிக்கவில்லை, இன்றும் ஆதரிக்கவில்லை. தடை ஒரு படத்தை நிறுத்தும், இன்னொரு படத்தை எழுதித் தராது.

இனி, நாம் எங்களையும் பார்க்க வேண்டும்.

இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. மரைக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. நான்கு விதமான தமிழை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து எங்களைச் சிரிக்க வைத்த அந்தக் கலைஞர்களை நான் நேசிக்கின்றேன். எனினும், தன்னைப் பாடசாலையில் சக மாணவர்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, 'மரைக்கார்' என்றுதான் அழைத்தார்கள் என்று ஒரு முஸ்லிம் நண்பர் பல ஆண்டுகளின் பின்னர் சொன்னபோது, அந்த வவுனியாச் சிறுவன்தான் என் நினைவுக்கு வந்தான். இங்கே சிரித்தவர்கள் நாங்கள்.

மலையகப் பெண்ணை எங்கள் நாடகங்களில் எங்கே கண்டிருக்கின்றோம்? பெரும்பாலும் கொழும்பு வீட்டின் சமையலறையில், வேலைக்காரியாக. அவளது பேச்சுத் தமிழே எங்களுக்கு நகைச்சுவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதை 'இர மதியம' (2003) படத்தில் சொன்னவர் பிரசன்ன விதானகே என்ற சிங்கள இயக்குநர். அந்தக் கதையைச் சொல்லும் கடமை எவரை விடவும் எமக்கு அதிகம் இருக்கவில்லையா? சென்னை எங்களுக்குச் செய்வதாக நாம் முறையிடுவதை, எங்களை விடச் சிறிய குரல்களுக்கு நாங்களும் செய்து வந்திருக்கின்றோம்.

2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' எனக்குச் சிறிது ஆறுதல் தந்தது. படகில் இராமேஸ்வரம் வந்து இறங்கும் அந்தக் குடும்பம் தன் பேச்சுத் தமிழை மறைக்க வேண்டியிருப்பதையே கதை தன் மையமாகக் கொண்டிருக்கின்றது. எங்கள் தமிழ் அங்கே சிரிப்புக்கான பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. சிம்ரனின் வசந்தி பிள்ளைகளோடும் கணவனோடும் அன்றாடம் வாழ்கின்ற ஒரு தாய். இவ்வளவு எளிய ஒன்றுக்கு இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுதப்படாத பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடிப் போராட்டம் தொடங்கிய தாய்மார் இருக்கின்றார்கள். அவர்கள் அந்தப் பந்தலில் அழுதார்கள். சமைத்தார்கள், கோபித்தார்கள், அதிகாரிகளோடு வாதாடினார்கள், ஒருவரையொருவர் பகிடியும் பண்ணினார்கள். இதையெல்லாம் எழுத அந்த மண்ணில் வாழ்ந்த ஒருத்தி கதை விவாதத்தில் அமர்ந்திருக்க வேண்டும். 'இல்லை, இது இப்படியில்லை' என்று சொல்ல அவளுக்கு உரிமையும் இருக்க வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் படம் எடுக்கும் எங்கள் இளையவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நடிகையைத் தேடுவதற்கு முன்னர் எழுத்தாளரைத் தேடுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கின்றானோ தெரியாது. அவனுடைய தாயாரின் கடிதம் எனது மேசை இழுப்பறையில் பழுத்துப்போய் இன்னமும் இருக்கின்றது. அன்று பிரசுரித்திருக்க வேண்டிய கடிதம் அது. காலம் கடந்தாவது அவருக்கு நான் எழுதும் பதிலாக இதனைக் கொள்ளட்டும்.