மாடலை அனுப்புமுன் திறந்து பாருங்கள்

கட்டடக்கலைஞர் ஆர்க்கிகேடில் வரைகிறார்; கட்டமைப்புப் பொறியாளர் டெக்லாவில்; எம்இபி ஆலோசகர் ரெவிட்டில். மூன்று மாடல்களையும், மென்பொருள்களுக்குப் பொதுவான பரிமாற்றக் கோப்பு வடிவமான ஐஎஃப்சி வழியாக ஒன்றுசேர்க்கும் நாளில், தூண்கள் தூண் என்ற அடையாளத்தை இழந்து வெறும் ப்ராக்ஸிகளாக வந்து நிற்கின்றன. ஒரு மாடல் மனையை விட்டே விலகிக் கிடக்கிறது. ஐஎஃப்சியை நம்பிப் பயனில்லை, எல்லோரும் ஒரே மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அந்த முடிவு தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. பழுதில் பெரும்பங்கு நாம் ஏற்றுமதி செய்யும் விதத்திலும், அந்தக் கோப்பிடம் நாம் வைக்கும் எதிர்பார்ப்பிலும் இருக்கிறது.

1994இல் ஆட்டோடெஸ்க் முன்கையெடுக்க, 12 அமெரிக்க நிறுவனங்கள் கூடித் தொடங்கிய முயற்சி ஐஎஃப்சி. இன்று அதைப் பராமரிப்பது பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு. 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரநிலையானது. 2024 பதிப்பில் சாலை, ரயில்பாதை, பாலங்களும் சேர்ந்திருக்கின்றன.

ஒரு சுவரின் வடிவம், வகை, இருப்பிடம், பண்புகள், அதில் எந்தத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஐஎஃப்சி சுமந்து செல்லும். அந்தச் சுவர் ஆர்க்கிகேடுக்குள் எந்த விதிகளின்படி அடுத்த சுவரோடு இணைந்தது, ரெவிட் ஃபேமிலியில் எந்த அளவை மாற்றினால் எது நகரும் என்பதெல்லாம் அந்தந்த மென்பொருளோடு நின்றுவிடும். ஆகவே பிறர் மாடலைத் திறந்து திருத்த முயல்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வந்த கோப்பை லிங்க் செய்து, அதைப் பார்த்து நம் வேலையைச் செய்ய வேண்டும். மாற்றம் தேவையென்றால், மாடல் மீதான குறிப்புகளைப் பரிமாறும் பிசிஎஃப் கோப்பில் குறித்து, அந்த மாடலுக்கு உரியவரிடம் அனுப்ப வேண்டும்; திருத்துவது அவர் பொறுப்பு. ஒவ்வோர் உறுப்புக்கும் 22 எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. குறிப்புகள் அதைப் பற்றியே நிற்கின்றன. இருக்கும் சுவரை நீட்டாமல் அழித்துவிட்டுப் புதிதாக வரையும் வரைவாளர், அதன்மேல் இருந்த குறிப்புகளையெல்லாம் அநாதையாக்கிவிடுகிறார். இந்தப் பழக்கத்தை அலுவலகத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டும்.

மாடல் விலகிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயத்தொலைவுகள். சென்னை மனை ஒன்றின் யுடிஎம் வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். ரெவிட்டோ தன் உள்மூலப் புள்ளியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்கு அப்பால் துல்லியத்தை இழக்கத் தொடங்குகிறது. சர்வே எண்களை அப்படியே வடிவத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மனைக்கருகே ஒரு கிரிட் சந்திப்பை எல்லோருக்கும் பொதுவான மூலமாகக் கொண்டு, நிலவரைபட மதிப்பைத் தனித் தகவலாகப் பதிய வேண்டும். ஐஎஃப்சி 4 முதல் அதற்கென்றே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் திட்டத்தின் முதல் வாரத்திலேயே சோதித்துவிடலாம். ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு தளம், ஒரு தூண், ஒரு டக்ட் கொண்ட சிறு மாடலை மூன்று அலுவலகங்களும் ஒரு சுற்று அனுப்பிப் பார்த்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு முறையும், ஏற்றுமதி செய்த கோப்பை வரைந்த மென்பொருளுக்கு வெளியே, தனி வியூவரில் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். அச்செடுத்த வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் கையெழுத்திடுவதில்லையே. எந்த உறுப்பில் எந்தப் பண்பு இருக்க வேண்டும் என்பதைக் கணினியே சரிபார்க்கும்படி எழுதித்தர, ஐடிஎஸ் தரநிலையும் 2024இல் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கட்டணம் கேட்கத் தயங்க வேண்டாம். மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாததால் அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் இழப்பு என்று அந்நாட்டின் நிஸ்ட் நிறுவனம் 2004இல் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டட உரிமையாளர்கள், பராமரிப்பவர்கள் தலையில்தான் விழுந்தது. மாடல் பரிமாற்றச் சோதனையை ஒப்பந்தத்தில் தனி வேலையாக எழுதி, உரிமையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.