பொன்னாடை போதுமா?

குழந்தைகளுக்காக எழுதுவோர் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்று கதை வாசிப்பதும், எழுத்துப் பயிலரங்கு நடத்துவதும் நம்மிடையே பெருகி வருகின்றன. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் அவை நடைபெறும் முறை குறித்துச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

பல பள்ளிகளில் நடப்பதென்ன? ஐந்நூறு பிள்ளைகள் திடலில் வரிசையாக அமர்த்தப்படுகிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, தாளாளர் உரை. எஞ்சிய இருபது நிமிடம் எழுத்தாளருக்கு. அவருடைய நூலைப் படித்த பிள்ளை அக்கூட்டத்தில் அரிது. கதை சொல்ல வந்தவர் சிறப்பு விருந்தினராகித் திரும்புகிறார்.

பயிலரங்கின் நிலையும் இதற்கு மேலானதன்று. பிள்ளை எழுதிய தாளை ஆசிரியர் உடனே வாங்கிச் சிவப்பு மையால் ஒற்றுப்பிழை திருத்துகிறார். 'இக்கதையின் நீதி யாது?' என வினவுகிறார். அடுத்த முறை அப்பிள்ளை பிழையற்ற, உயிரற்ற வாக்கியங்களை எழுதும். இதன் விளைவைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நாம் நேரில் காண்கிறோம். மழையைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால், மனப்பாடம் செய்த கட்டுரையின் முன்னுரையை எழுதித் தரும் முதலாண்டு மாணவர் பலர். தம் வீட்டுக் கூரையில் விழுந்த மழையை எழுதலாம் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி.

அடுத்தது ஊதியம். 'குழந்தைகளுக்குத்தானே, பணம் எதற்கு?' என்னும் குரல் நமக்குப் பழக்கமானது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த அழ. வள்ளியப்பா (1922-1989) இந்தியன் வங்கியில் பணியாற்றியவர். மாதச் சம்பளம் தரும் ஒரு பணியில் இருந்துகொண்டு குழந்தைகளுக்கு எழுதியோர் நம் மரபில் பலர். அவர்களது தொண்டு போற்றத்தக்கது. ஆனால் அத்தொண்டையே விதியாக்கினால், வேறு வருவாய் இல்லாதவர் இத்துறைக்குள் நுழையவே இயலாது. இங்கிலாந்தில் பள்ளிக்கு வரும் எழுத்தாளர் கட்டணம் பெறுவது இயல்பான நடைமுறை. நம் பள்ளிகளோ பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குப் பாராமல் கொடுத்துவிட்டு, எழுத்தாளரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்க்கின்றன.

அரசுப் பள்ளிகளுக்கு நிதி ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேதான் பொது நூலகம் முன்வர வேண்டும். விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணம் கண்டதுதான். அதன் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். அதில் ஒரு சிறு பங்கு, நூல் வாங்குவதோடு நூலாசிரியரைக் குழந்தைகளிடம் அழைத்து வரவும் பயன்படட்டும்.

நாம் வேண்டுவன எளியவை. எழுத்தாளர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் நூலின் சில படிகள் வகுப்பில் சுற்றி வரட்டும். பயிலரங்கிற்கு முப்பது பிள்ளைகள் போதும்; இரண்டு மணி நேரம் தடையின்றிக் கிடைக்கட்டும். ஆசிரியரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு அமர்ந்து எழுதட்டும். அன்றொரு நாள் மட்டும் சிவப்பு மையும் நீதியும் ஓய்வெடுக்கட்டும். எழுத்தாளர் புறப்படும்போது பொன்னாடைக்குப் பதிலாக, பயணச் செலவோடு உரிய ஊதியமும் ஓர் உறையில் இருக்கட்டும்.

குழந்தை இலக்கியம் வளரவில்லையென மேடைதோறும் வருந்துவதைவிட இது சிக்கனமானது என்பது நம் எண்ணம்.